மட்டம்

"இன்னிக்கும் தொட்டி ஸ்டாண்டை இடிச்சியா?" என்று கணவன் பல்லைக் கடித்தான்.

"நான் அந்தப் பக்கமே போகலைங்க. பெருக்கக்கூட இல்ல" என்றாள் மனைவி, குழந்தையின் தூளியை ஆட்டியபடி.

ஹால் நடுவிலிருந்த மீன் தொட்டியில், தண்ணீர் இடது ஓரத்தில் விளிம்பைத் தொட்டது. வலது ஓரத்தில் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. நேற்றுத்தான் ஸ்டாண்டின் இடது காலுக்கு அடியில் பலகைத் துண்டு வைத்து, ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்கும்வரை சரிபார்த்திருந்தான். முந்தாநாளும் இதே கூத்துதான்.

"அப்ப தொட்டி தானா நகர்ந்துச்சா?"

"உங்க மீனு, உங்க தொட்டி. திட்டு மட்டும் எனக்கு!"

இன்னொரு துண்டைச் செருக அவன் குனிந்தபோது அழைப்புமணி ஒலித்தது. வாசலில் கீழ்வீட்டுக்காரர், முகமெல்லாம் சிரிப்பாக நின்றார்.

"இத்தனை நாள் இடிக்கிற சத்தத்தைப் பொறுத்துக்கிட்டீங்க தம்பி. வேலை முடிஞ்சிடுச்சு. குடும்பத்தோட வந்து எங்க ஹாலைப் பாருங்க, மைதானம் மாதிரி இருக்கு!"

"அப்படி என்ன சார் பண்ணீங்க?"

"நடுவுல ஒரு தூண் நந்தி மாதிரி நின்னுச்சு. அடியோட எடுத்துட்டேன்."

அவன் தொட்டியைத் திரும்பிப் பார்த்தான். "எந்த... எந்த இடத்துல சார்?"

அவர் உள்ளே எட்டிப் பார்த்துக் கை நீட்டினார். "இதோ, உங்க தொட்டிக்கு நேர் கீழதான்."

"பாப்பாவைத் தூக்குடி!" என்று அவன் அலறினான். "சார், உங்க வீட்டு ஆளுங்களை வெளிய கூப்பிடுங்க, ஓடுங்க!"

இரண்டு வீட்டாரும் விழுந்தடித்துத் தெருவுக்கு வந்து சேர்ந்தார்கள். முதலில் கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்டது. அப்புறம் வீடே இறங்கியது.