செவ்வாய்க்கிழமை கெட்டுப்போன கடிகாரம்

ஆய்வுக்கூட மேசையில் ஒரு மின்னடுப்பும் ஒரு கடிகாரமும் வேலை பார்த்தன. கண்ணாடிக் குழாய்க்குள் கந்தக ஆவியோடு வேறொரு வாயுவைக் கலப்பார்கள். அடுப்பு சூடேற்றும். இரண்டும் வினைபுரிந்து முடிய எத்தனை நொடி ஆனது என்று கடிகாரம் சொல்லும்.

திங்கட்கிழமை நூறு டிகிரியில் பத்து நொடி ஆனது. இருநூறில் நான்கே நொடி.

"பார்த்தியா, எல்லாம் என் கைவண்ணம்!" என்றது அடுப்பு. "நீயும் நல்லாத்தான் எண்ணுறே, தம்பி."

செவ்வாய்க்கிழமை கந்தகத்தோடு கலக்கப் புது வாயு வந்தது. நூறு டிகிரியில் பத்து நொடி. இருநூறிலோ பதினாறு. அடுப்பு வெறிகொண்டு முந்நூறுக்கு ஏறியது. இருபத்தைந்து!

"கடிகாரம் கெட்டுப்போச்சு! யாராவது இதை உடைசல் பெட்டியில போடுங்க!"

கடிகாரம் மெதுவாகச் சொன்னது: "சில வாயுவுக்குச் சூடு ஒத்துக்காதுண்ணே."

"வாயை மூடு. நான் சூடேத்தியும் எவன் மெதுவாப் போவான்?"

புதன்கிழமை பழைய வாயுவே திரும்பி வந்தது. இருநூறு டிகிரியில் நான்கு நொடி.

அடுப்பு நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது. "அப்பாடா! யாரோ உன்னை ரிப்பேர் பண்ணிட்டாங்க, தம்பி."