மாதிரி எடுத்த இடம்

கடலோரத்தில் சுண்ணக்கல் தோண்டிக் கைவிட்ட பெரிய கிடங்குப் பள்ளத்தைச் சுற்றியுள்ள கிணறுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார் அலுவலர் வாகீசன். மெற்றில்டா கொடுத்திருந்த போத்தலில், தகப்பனின் பெயரைப் போட்டு, ‘அருளப்பு வீட்டுக் கிணறு’ என்று எழுதி ஒட்டியிருந்தது.

“சொல்லக் கவலையாக் கிடக்கு, அக்கா. உப்பும் கழிவு ஒயிலும் கலந்திருக்கு. குடிக்கேலாது. குளிக்கவும் ஏலாது.”

“மாதாவே, நன்றி!” என்றாள் மெற்றில்டா. “அதை எழுத்திலை தாங்கோ, சேர்.”

வாகீசன் திகைத்தார். “எல்லாரும் தண்ணி நல்லம் எண்டு எழுதச் சொல்லித்தானே கெஞ்சுகினம்!”

“அப்பா முப்பத்தஞ்சு வருசமா அகதி முகாமிலை இருந்துகொண்டு வீட்டை போகோணும் எண்டு நிக்கிறார். ஆமி பிடிச்சு வைச்சிருந்த காணியை விட்டதிலையிருந்து ஒரே கரைச்சல். கிணத்து வாளிக்குப் புதுக்கயிறும் வாங்கி வைச்சிருக்கிறார்.”

“ஒருக்கால் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுங்கோவன். தண்ணியைக் குடிக்காமல் விட்டால் சரிதானே?”

“என்னத்தைக் காட்டுறது, சேர்? போன கிழமை போய்ப் பாத்தன். வீடுமில்லை, கிணறுமில்லை. எங்கடை வளவுக் காணி முழுக்கக் கிடங்காப் போச்சு. நான் அள்ளினது கிடங்குத் தண்ணி.”

வாகீசன் பேனாவை வைத்துவிட்டார்.

“வீடில்லை எண்டு சொன்னால் அவர் செத்துப்போவார். தண்ணிதான் பழுது எண்டால், எண்டைக்காவது நல்லாகும் எண்டு பாத்துக்கொண்டிருப்பார்.”

வாகீசன் போத்தலில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்தார். மெற்றில்டாவின் முகம் வாடியது.

பிறகு அறிக்கையை இழுத்து, ‘மாதிரி எடுத்த இடம்’ என்பதற்கு எதிரே எழுதினார்:

‘அருளப்பு வீட்டு வளவு.’