முதலில் இறங்குகிறவன்

"ஏனுங்கண்ணா, இந்த வாட்டி நான் மொதல்ல எறங்கட்டுங்களா?"

காளிதாஸ் கேட்டதும் சித்தையனின் கை துடுப்பின் மேல் அப்படியே நின்றது.

பரிசல் பந்தயத்தில் முதலில் இறங்க எவனும் ஆசைப்படமாட்டான். பாறைகளுக்கு நடுவே இரண்டிரண்டாக மூங்கில் நட்டு வாசல் விட்டிருப்பார்கள். மூங்கிலில் பரிசல் உரசினால் ஆட்டம் போச்சு. முதல் ஆள் எங்கே திரும்புகிறான், எங்கே தடுமாறுகிறான் என்று பார்த்துவைத்துக்கொண்டு அடுத்தவன் சுகமாக வருவான். அதனால்தான் போன தசராவில் ஜெயித்தவனை முதலில் இறக்கிவிடுவது ஸ்ரீரங்கப்பட்டணத்துத் துறை வழக்கம். இந்த முறை அது சித்தையன்.

அந்தச் சுகத்தை இவன் வேண்டாம் என்கிறானே, ஏன்?

சித்தையன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். வேட்டி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

பந்தயமே தொடங்கவில்லை. இவன் எப்போது ஆற்றில் இறங்கினான்?

"ஏன்டா, எனக்கே தண்ணி காட்டறியா?"

"இல்லீங்கண்ணா, அந்தக் கடைசி வாசல்ல..."

"வாய மூடுடா!"

கரையே சிரித்தது. கொடி பிடித்திருந்த அதிகாரிகூடச் சிரித்துவிட்டார். பந்தய நாளில் எதிராளி ஆற்றைப் பற்றிப் பேசினால் அது பொய் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். போன வருடம் 'வலது ஓரம் ஆழம்டா தம்பி' என்று சொல்லித்தான் காளிதாஸைப் பாறையில் ஏற்றிவிட்டான் சித்தையன்.

பயல் அதை மறந்திருப்பானா?

இந்த வருடமும் ஜெயித்தால் அரண்மனைப் படகுத்துறையில் வேலை என்று சொல்லியிருந்தார்கள். தோற்றால் பழையபடி கொள்ளேகாலம் பக்கம் போய், சந்தைக் கூட்டத்தை அக்கரை சேர்க்கும் பிழைப்புதான்.

சித்தையன் தன் பரிசலைக் கரையில் கவிழ்த்தான். அடித்தோலைத் தட்டி ஓசை பார்த்தான். தார் பூசிய தையலில் கட்டைவிரலை ஓட்டினான். துடுப்பை முழங்காலில் வைத்து அழுத்திப் பார்த்தான்.

எல்லாம் சரியாக இருந்தது. நம்பாமல் இன்னொரு தடவை தையலைத் தடவினான்.

நிமிர்ந்தபோது காளிதாஸின் பரிசல் மட்டும் கரையில் கிடந்தது. ஆளைக் காணோம்.

புறப்படச் சொல்லித் தமட்டைப் பறை முழங்கியது. சித்தையன் இறங்கிவிட்டான்.

முதல் வாசலில் பரிசல் வழுக்கிக்கொண்டு போனது. அடுத்ததில் ஒரு சுழற்று. கரையில் விசில் பறந்தது.

கடைசி வாசலுக்குச் சற்றுக் கீழே, நடு ஆற்றுப் பாறை ஒன்றில் காளிதாஸ் உட்கார்ந்திருந்தான்.

மூங்கிலை அசைக்கப் போகிறான்! வேறு எதற்கு அங்கே உட்கார வேண்டும்?

சித்தையன் அவன் கைகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதனால் தண்ணீரைப் பார்க்கவில்லை.

இரவு வந்த வெள்ளம் கொண்டுவந்து செருகிய முழு மரம், வாசலுக்குக் குறுக்கே, ஒரு முழ ஆழத்தில் படுத்திருந்தது.

அடித்தோல் கிழிந்த சத்தம் கரைவரைக்கும் கேட்டது.

ஒரு கிளை கைக்கு அகப்பட்டது. மூக்குவரை தண்ணீர். கால்களை ஆறு இழுத்தது. கிளை முறியத் தொடங்கியது.

முகத்துக்கு நேரே ஒரு கயிறு வந்து விழுந்தது.

"புடிங்கண்ணா!"

சித்தையன் பிடிக்கவில்லை. கயிற்றின் மறுமுனை எங்கே இருக்கிறது என்றுதான் பார்த்தான்.

அந்த மொட்டைப் பாறையில் கட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

காளிதாஸ் அதைத் தன் இடுப்பில் கட்டியிருந்தான்.