ஈரத் தலை

போலீஸ் ஏட்டு இருதயம் உடுப்போடு வாசலில் வந்து நின்றதைப் பார்த்ததும் கருத்தம்மாவின் கையிலிருந்த சுளகு நழுவியது. புடைத்துக்கொண்டிருந்த கேப்பை தரையெல்லாம் சிதறியது.

"கெளம்பு. சாமியார் ஒன்னயக் கூட்டியாரச் சொன்னாவ."

"என்னத்துக்கு ஏட்டய்யா?"

"எம்பிள்ள தல ஏன் ஈரமா இருந்துச்சுன்னு அங்க வந்து சொல்லு."

இத்தனை மாதமாக எதற்குப் பயந்து பயந்து செத்தாளோ, அது இன்று உடுப்பு மாட்டிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டது.

கருத்தம்மா மருத்துவச்சி. முத்தாலம்மனைக் கும்பிடுகிறவள்தான், ஆனாலும் கிறிஸ்தவர்கள் இருக்கும் வேதக்காரர் தெருவில் அவள் கை படாமல் பிறந்த பிள்ளைகள் குறைவு. போன வைகாசியில் ஏட்டின் மனைவி ஞானபாக்கியத்துக்குக் குறைமாதத்தில் வலி கண்டபோதும் அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

அன்று பங்குச் சாமியாரும், வேதபாடம் நடத்தும் உபதேசியாரும் வேதக் கோயிலுக்குப் புது மணியை வண்டியேற்றி வர ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தார்கள். மணியை எதிர்கொள்ளத் தெருவே சுந்தரபாண்டியம் ரோட்டில் போய் நின்றது. ஏட்டு வாசலில் காத்திருந்தார். உள்ளே ஞானபாக்கியம் நினைவு தப்பிக் கிடக்க, பிறந்த பிள்ளை கருத்தம்மாவின் மடியில் கொஞ்ச நேரம்தான் உயிரோடு இருந்தது.

அதைத் துணியில் சுற்றி அவள் வெளியே கொண்டுவந்தபோது ஏட்டு தலையைத் தடவிப் பார்த்தார். உடம்பெல்லாம் துடைத்துக் காய்ந்திருக்க, தலை மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"வேர்வ, அய்யா" என்றாள் கருத்தம்மா. போலீஸ்காரரிடம் சொல்லக்கூடிய பொய்யா அது?

அந்த முப்பத்தேழாம் வருஷம் கோயில் பங்கில் எல்லாமே புதுசு. மணி வந்தது, பள்ளிக்கூடத்துக்கு ஓடு போட்டாயிற்று, கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டியாயிற்று. ஒரு வேலை முடிந்துவிட்டால் சாமியாருக்குக் கை சும்மா இருக்காது. அடுத்ததாகக் கல்லறைத் தோட்டத்தின் முள்வேலியைப் பிடுங்கிவிட்டுச் சுவர் எழுப்பத் தொடங்கினார். அதில்தான் வந்தது வினை.

ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு மந்திரித்த மண்ணில் இடமில்லை. ஏட்டின் பிள்ளையை வேலிக்கு வெளியே வேப்பமரத்தடியில்தான் புதைத்திருந்தார்கள். கொத்தனார் சமுத்திரம் மரத்துக்கு இந்தப் பக்கம் கயிறு பிடித்து அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியதும், ஞானபாக்கியம் போய் அந்தப் பள்ளத்துக்குள் உட்கார்ந்துவிட்டாள். "எம்பிள்ளய வெளிய தள்ளிச் சுவரு வைக்காதிய" என்று கல்லிறக்க விடவில்லை. அந்த ரகளையில்தான் ஏட்டு சாமியாரிடம் ஈரத் தலையைப் பற்றி வாய் திறந்தார்.

கருத்தம்மா ஏட்டுக்குப் பின்னால் நடந்தாள். கல்லறைத் தோட்டத்தில் வெயிலுக்கு ஒரு குடை பிடித்தபடி சாமியார் நின்றிருந்தார், பக்கத்தில் உபதேசியாரும். பூசையில் எவராவது இருமினால்கூடத் திரும்பி முறைக்கிறவர் அவர்.

"கருத்தம்மா, பொய் சொன்னா எனக்கு ஆகாது. குழந்தை தலையில என்ன செஞ்ச?"

பள்ளத்துக்குள் இருந்த தாயைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

"தண்ணி ஊத்துனேன், சாமி."

ஏட்டு ஓரடி முன்னால் வந்தார். "நான் சொன்னேன்லா சாமி. குறைமாசப் பிள்ள மேல பச்சத் தண்ணிய ஊத்திக் கொன்னுருக்கா."

சாமியார் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். "எதுக்கு ஊத்தின?"

கருத்தம்மா மண்ணில் விழுந்துவிட்டாள்.

"மூச்சு இழுத்துக்கிட்டு கெடந்துச்சு, சாமி. நீங்கல்லாம் மணி எடுக்கப் போயிட்டிய. தங்காதுன்னு தெரிஞ்ச பிள்ளைக்கு உபதேசியாரு வந்து தலையில தண்ணி ஊத்தி ஒரு வார்த்த சொல்லுவாவ, எத்தன வீட்டுல பாத்துருக்கேன். அன்னிக்கு ஆருமில்லியேன்னு நானே ஊத்திட்டேன். ஒங்க சாமி வார்த்தைய என் வாயால சொல்லிட்டேன். அதுக்குத்தான் பிள்ள போயிருச்சோ என்னமோ. என்னய ஜெயில்ல போட்டுறாதிய."

"என்ன வார்த்தை? சொல்லு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான் உன்னைக் கழுவுகிறேன், பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்து நாமத்தினாலே."

ஒரு சொல் பிசகவில்லை. உபதேசியார்தான் சங்கடத்தோடு நெளிந்தார். "சாமி, இவ நம்ம வேதத்துக்காரி இல்லியே."

"சாகப்போற பிள்ளைக்கு யார் ஊத்தினாலும் செல்லும்னு ஞாயித்துக்கிழமை பாடம் நடத்துறது நீர்தானே?"

ஏட்டு தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். பள்ளத்துக்குள் இருந்த ஞானபாக்கியம் மெல்ல எழுந்தாள்.

தண்டனை இனிமேல்தான் என்று நினைத்துக் கருத்தம்மா மண்ணை விட்டுத் தலை தூக்கவேயில்லை. சாமியார் குடையை மடக்கிவிட்டுக் கொத்தனார் பக்கம் திரும்பினார்.

"சமுத்திரம், கயித்த அவுரு. சுவரு வேப்பமரத்துக்கு அங்கிட்டு போகட்டும்."