வாபஸ்

"ஐயா, மறுபடியும் தலைவர் வீட்டுலேருந்துதான்" என்று போனை நீட்டினார் உதவியாளர். பெரியவர் வேண்டாம் என்று தலையசைத்தார். ஆனால் போனை அணைத்து வைக்கவும் விடவில்லை. மணி அடிக்கும்போதெல்லாம் அவர் முதுகு நிமிர்ந்தது. யாரென்று தெரிந்ததும் பழையபடி நாற்காலியில் சரிந்தது.

எதிர்க்கட்சியிலிருந்து தூது வரவேண்டும், அதற்குத்தான் காத்திருக்கிறார் என்று உதவியாளர் நினைத்துக்கொண்டார். கேட்டுக்கு வெளியே கேமராவும் கையுமாக நின்ற நிருபர்களும் அதையேதான் பேசிக்கொண்டார்கள்.

ஆலைத் தொழிற்சங்கத்துக்கு நோட்டீஸ் ஒட்டி அரசியலுக்கு வந்தவர் அவர். ஆறு தேர்தல் ஜெயித்து, இரண்டு முறை மந்திரியாகவும் இருந்தாயிற்று. இத்தனை காலத்தில் மேடையில் ஒரு வார்த்தை தவறி விழுந்ததில்லை. பேட்டி எடுக்கப் போய் வெறுங்கையோடு திரும்பிய நிருபர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயரே 'பூட்டு'.

அந்தப் பூட்டுதான் முந்தாநாள் ஒரு கட்டடத் திறப்பு விழாவில், கேமராக்களை நேராகப் பார்த்தபடி அப்படிப் பேசிவிட்டது.

"கம்பெனிகள்ல மேல் மாடியில உக்காந்திருக்காங்களே பெரிய அதிகாரிங்க, பெத்த அம்மா செத்தாக்கூட மீட்டிங் முடிஞ்சுதான் வருவாங்க."

ஒரே நாளில் ஊர் பற்றிக்கொண்டது. கம்பெனி அதிகாரிகளின் சங்கம் கண்டனம் தெரிவித்தது. கட்சிக்கு நன்கொடை தருகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மன்னிப்புக் கேட்டால் போதும், அடுத்த தேர்தலிலும் சீட்டு உண்டு என்று தலைவர் ஆள் விட்டுச் சொன்னார். பெரியவர் அசைந்து கொடுக்கவில்லை.

உதவியாளருக்கு மனசு கேட்கவில்லை. வாய் தவறி வந்துவிட்டது என்று ஒரு வரி சொன்னால் எல்லாம் அடங்கிவிடும் என்று கெஞ்சிப் பார்த்தார்.

"வாய் தவறலையேப்பா" என்றார் பெரியவர். "கம்பெனிக்காரங்க யாராவது கூப்பிட்டா மட்டும் உடனே எங்கிட்ட குடு."

இந்த வயதில் மல்லுக்கு நிற்கிறாரே என்று உதவியாளர் தலையில் அடித்துக்கொண்டார்.

மாலையில் டிவியில் அறிவித்துவிட்டார்கள். கட்சியின் அடிப்படை உறுப்பினர் பதவியிலிருந்தே நீக்கம். நிருபர்கள் படம் பிடித்துக்கொண்டு கிளம்பினார்கள். எப்போதும் கார்கள் முட்டிக்கொண்டு நிற்கும் வாசல் வெறிச்சென்று கிடந்தது.

சமையல்காரர் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போனார். எட்டுப் பேர் உட்காரக்கூடிய மேசையில் ஒரே ஒரு தட்டு. மனைவி காலமானதிலிருந்து அப்படித்தான். உதவியாளர் வேலைக்குச் சேர்ந்ததே அதற்குப் பிறகுதான். சொந்தபந்தம் என்று ஒருவர் அந்த வீட்டுப் படியேறி அவர் பார்த்ததில்லை.

பெரியவர் தட்டின் முன்னால் உட்கார்ந்தாரே தவிர, கை வைக்கவில்லை. அப்போதுதான் போன் அடித்தது.

வெளிநாட்டு எண். ஒரு பெண்குரல். கம்பெனியின் பெயரையும் தன் பதவியையும் சொன்னாளே ஒழிய, பெயரைச் சொல்லவில்லை. அந்தப் பேச்சை இந்த நிமிஷமே வாபஸ் வாங்க வேண்டும், அதை அவரிடமே சொல்ல வேண்டும் என்று பொரிந்து தள்ளினாள்.

"யாரோ கம்பெனி மேடமாம், ஐயா. ரொம்பக் கோவமா இருக்காங்க. குடுக்கட்டுமா?"

பெரியவர் எழுந்து வந்து, இரண்டு கையாலும் போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். மறுமுனையின் கோபம் தள்ளி நின்ற உதவியாளருக்கே கேட்டது. அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

மூச்சு வாங்க அவள் நிறுத்தினாள். தலைவருக்கும் மசியாத, சீட்டுக்கும் மசியாத அந்த மனிதர் கெஞ்சினார்.

"வாபஸ் வாங்கிடறேன்மா. நீ போனை மட்டும் வெச்சிடாதே... அப்பாவை இன்னும் கொஞ்ச நேரம் திட்டு."