பத்துக்கு எத்தனை வலி?

மோகனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புருஷன் காசிநாதனுக்கு இடுப்பு மூட்டில் துளை போட்டு ஆபரேஷன் செய்தது இது ரெண்டாவது தடவை. முதல் தடவை செய்தது சரிவரவில்லை. ரெண்டாவது முடிந்து ஆறு மாசம் கழித்து இன்றைக்கு டாக்டர் ஒரு கேள்வி ஃபாரத்தை வைத்துக்கொண்டு கேட்கிறார், இந்த மனுஷன் வாய் கூசாமல் பொய் அளக்கிறது.

மாடி ஏறுவீங்களா? ஏறுவேன் சார். குந்தி உட்காருவீங்களா? உட்காருவேன் சார்.

"பத்துக்கு எத்தனை வலி?"

"சைபர் சார்."

அப்படியென்றால் ஷூ கம்பெனி வேலைக்குத் திரும்பலாம் என்று டாக்டர் சர்டிபிகேட்டை எடுத்தார்.

கட்டிங் செக்‌ஷனில் நாள் பூரா நிற்கிற வேலை. போய் நின்று, மூணாவது தடவையும் கத்தி வைக்கவா?

"எழுதாதீங்க சார், அத்தனையும் பொய்" என்று ஆரம்பித்தவள் கொட்டித் தீர்த்துவிட்டாள். சாயங்காலம் அஞ்சு மணி ஆனால் போதுமாம், இடுப்பு பிடித்துக்கொண்டது, நடந்தால்தான் விடும் என்று முனகல் ஆரம்பமாகுமாம். தனியாகவும் போகாதாம். கம்பெனியில் வாங்கி வந்து வீட்டில் தைக்கிற ஷூவை அப்படியே போட்டுவிட்டு இவள் தோள் கொடுக்கணுமாம். பாலாத்துப் பாலம் வரைக்கும் போய் வர ஒரு மணி நேரம். ஊன்றுகோலை விட்ட நாளிலிருந்து ஒரு நாள் லீவு கிடையாது. அலைந்து அலைந்து இவள் ஜாக்கெட்டெல்லாம் தொளதொளத்துப் போனதுதான் மிச்சம்.

டாக்டர் காசிநாதனைக் குந்தி எழச் சொன்னார். கையை ஊன்றாமல் எழுந்தான். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். கொக்கு மாதிரி நின்றான்.

"மூணு மாசம் முன்னாடி தனியா வந்து காட்டினப்பவே இவருக்குச் சரியாயிடுச்சேம்மா" என்றார் டாக்டர்.

மோகனா புருஷன் பக்கம் திரும்பினாள்.

"இன்னாயா இது? தினம் போட்டதெல்லாம் நாடகமா? என் பொழப்பக் கெடுத்து, என் உயிர வாங்கி, உனக்கு இன்னாயா கெடச்சுது?"

காசிநாதன் தலையைச் சொறிந்தான்.

"சக்கரை ஜாஸ்தி இருக்கு, தினம் ஒரு மணி நேரம் நடன்னு டாக்டரம்மா உனக்கு மூணு வருஷமா சொன்னாங்க. தைக்கவே நேரம் இல்லன்னு ஒரு நாள் போனியா? எனக்கு வலின்னா மட்டும், ஒரு நாளாவது வரமாட்டேன்னு சொன்னியா?"