எந்தக் கடையில கம்மி?

"மார்க்கெட் பக்கம் ஒரு மருந்துக் கடையில பத்து பர்சென்ட் தள்ளுபடியாம். சீக்கிரம் கிளம்பு!"

செருப்பை மாட்டிக்கொண்டே அப்பா அம்மாவுக்குக் குரல் கொடுக்க, மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் லீவுக்கு வந்ததிலிருந்து தினமும் இதே கூத்துதான். அம்மாவுக்குக் கொலஸ்ட்ரால் எகிறிவிட்டதென்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். ஊர் உலகத்தில் எல்லோரும் மாசத்துக்கு மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்வார்கள். இவரோ அட்டையை வெட்டச் சொல்லி ரெண்டே ரெண்டு வாங்குவார். ஒரு நாள் விலை விசாரிக்கப் போவது, மறுநாள் வாங்கப் போவது. அதே மருந்து வேறு கம்பெனியில் கம்மியாமே என்று இன்னொரு கடை!

கூடவே அம்மாவையும் இழுத்துக்கொண்டு போவதுதான் கொடுமை.

"நீங்க மட்டும் போக வேண்டியதுதானேப்பா? மூட்டு வலியோட அம்மா எதுக்கு அலையணும்?"

"எனக்குப் பேரம் பேச வராதும்மா. உங்கம்மா வாயைத் திறந்தாத்தான் கடைக்காரன் இறங்கி வருவான்."

அம்மா முழங்காலைத் தடவிக்கொண்டே எழுந்தாள். ஆனாலும் வாசலுக்கு முதலில் வந்து நின்றது அவள்தான்.

கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா? மகள் போனை எடுத்தாள். டாக்டர் சீட்டைப் படம் பிடித்து ஆன்லைன் மருந்துக் கடைக்கு அனுப்பினாள். அவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், ஆறு மாசத்து மாத்திரை பெட்டியோடு வீட்டுக்கே வந்து இறங்கியது.

"பணம் கட்டியாச்சு. இனிமே யாரும் எங்கேயும் அலைய வேண்டாம்!"

அப்பாவின் முகம் தொங்கிப் போனது. மகளைக் கையோடு கொல்லைப்பக்கம் கூட்டிப் போனார்.

"காரியத்தையே கெடுத்துட்டியேம்மா! மாத்திரை மட்டும் போதாது, தினமும் நடந்தே ஆகணும்னு டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டார். 'நட'ன்னு சொன்னா உங்கம்மா முழங்காலைப் பிடிச்சுக்கிறா. 'தள்ளுபடி'ன்னு சொன்னா எனக்கு முன்னாடி ஓடறா!"

"அப்போ அந்தத் தள்ளுபடி?"

"தள்ளுபடியாவது ஒண்ணாவது! எல்லாக் கடையிலயும் ஒரே விலைதான். அவ கேட்டதுக்குக் குறைச்சுக் கொடுங்க, மீதியை நான் தர்றேன்னு கடைக்காரங்ககிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

மகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இந்த மனுஷனையா கஞ்சன் என்று கரித்துக் கொட்டினோம்!

கூடத்துக்குப் போனாள். அம்மா பெட்டியை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, இதைத் திருப்பி அனுப்பிடட்டுமா? நீ பேரம் பேசி வாங்கினதுதான் மலிவு."

"முதல்ல அதைச் செய்." அம்மா கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அவர் எனக்குத் தெரியாம மீதிக் காசு கொடுக்கிற கதையெல்லாம் எனக்கு எப்பவோ தெரியும்."

"தெரிஞ்சுமா மூட்டு வலின்னு சொல்லிக்கிட்டு இருக்கே?"

"வேற என்ன பண்ணச் சொல்றே? நானா நடந்தா அவர் எதுக்கு வெளியே வருவார்? ரிட்டயர் ஆனதிலேருந்து பேச்சு மூச்சில்லாம சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மனுஷன்டி! என்னை நடக்க வைக்கணுங்கிற ஒரே சாக்குலதான் இப்போ அவரே தெருவில நாலு மனுஷங்களைப் பார்த்துப் பேசிச் சிரிக்கிறார். அதையும் பிடுங்கிடாதே!"